மிதந்த துளி

நீலத் திரவத்தில் ஒரு சொட்டு,
என் விரல் நுனியிலிருந்து.
எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரரின் சொட்டு
கல் மாதிரி அடிக்குப் போனது.
என்னுடையது போகவில்லை.
கொஞ்சம் யோசித்தது, பிறகு
மேலேயே நின்றுவிட்டது,
காலிமுகத்திடலில் யாரோ தவறவிட்ட பந்து போல.

"கனம் காணாது நங்கி," என்றாள் குசும்லதா மிஸ்.
"இந்த முறை எடுக்க ஏலாது."
கொடுக்க வந்த இடத்தில்
உன்னிடம் இல்லை என்று கேட்பது
எவ்வளவு வெட்கம்.

நான் வெள்ளவத்தை சுப்பர் மார்க்கெட்டில்
மரக்கறி நிறுக்கிறவள்.
பொன்னாங்கண்ணிக் கட்டு எத்தனை கிராம் என்று
கை பட்டதும் சொல்வேன்.
அப்பா நோர்வூட்டில் கொழுந்து நிறுக்கிறவர்.
எங்களுடையது தராசுக் குடும்பம்,
அதில் நாங்கள் ஏறிப் பார்த்ததுதான் இல்லை.

காலையில் பணிஸ், பிளேன் டீ.
பகலில் மலையாய்ச் சோறு,
அடி தெரியும் பருப்பு,
கை கழுவ முன்னமே டீ.
நாலு மணி டீ பசிக்கு.
இரவு கொத்து, மாதக் கடைசியில் பாணும் சம்பலும்,
அதன்மேல் ஒரு டீ, பழக்கத்துக்கு.
வயிறு நிறைந்துதான் இருந்தது.
நிறைந்த வயிறு
என்ன சாமர்த்தியமாய்ப் பொய் சொல்லும்!

மூச்சு வாங்கியதை
விடுதியின் மூன்றாம் மாடி மேல் போட்டேன்.
முடி கொட்டியதைக் கொழும்புத் தண்ணீர் மேல்.
கீழிமை வெளிறியிருந்ததை
நான் எங்கே பார்த்தேன்.

மிஸ் கேட்டது ஒரே கேள்வி:
"சாப்பிட்ட உடனே தேத்தண்ணியா?"
சாப்பாட்டின் இரும்பை
அது வாசலிலேயே மறிக்குமாம்.
எனக்குக் கோபம் வந்தது.
என் பள்ளிச் சப்பாத்து, வீட்டுத் தகரம்,
தங்கச்சியின் டியூஷன்,
எல்லாம் அந்த இலையில் வந்தவை.
அப்பாவிடம் இதை எப்படிச் சொல்ல?
சொன்னேன்.
போனில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
"கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க
பாதிப் பேருக்கு ரத்தம் பத்தாதுன்னு
டிஸ்பென்சரியில சொல்லுவாங்க.
நீயாவது ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி."

அன்றிலிருந்து விலைச்சீட்டை வேறு மாதிரி வாசிக்கிறேன்.
ஒரு இறக்குமதி அப்பிளின் காசுக்கு
மூன்று கொய்யா வரும்.
ஏழாம் மாடி அம்மா சியா விதை தேடி வருகிறார்,
பக்கத்துத் தட்டில் எள்ளு
கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அறையில் ஒரே ஒரு ரைஸ் குக்கர்.
இரவில் ரிஸ்மியா கடலை ஊறப்போடுவாள்.
விடுதி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் முருங்கைக்கு
இதுவரை யாரும் பில் போடவில்லை.
இலையை வதக்கி, இறக்கிய பிறகு
பாதித் தேசிக்காய்.
புளிப்புச் சேர்ந்தால்தான்
இரும்புக்குக் கதவு திறக்கும் என்று
மிஸ் ஒரு மாத்திரை மட்டையின் பின்பக்கம்
எழுதித் தந்திருந்தாள்.
மாத்திரையும்தான்.
சனிக்கிழமை நெத்தலி. "முள்ளோட சப்பு," என்பாள் ரிஸ்மியா.

கொத்தை விடவில்லை.
தகட்டில் அந்தத் தாளம் கேட்டால்
கால் தானாய்ப் போகும்.
லீக்சும் முட்டையும் கூடப் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.
கஷ்டம் டீதான்.
எதிரே எல்லோரும் ஊதிக் குடிக்க
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
நான் மட்டும் ஒரு மணி நேரம்
மதம் மாறியவள் போல இருப்பேன்.

நாலு மாதம் கழித்து
அதே மண்டபம், அதே நீலம்.
சொட்டு தயங்கியது.
பிறகு இறங்கியது. கல் மாதிரி இல்லை,
முதன்முதல் கொழும்பு வந்து
பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் போல,
படி பார்த்துப் பார்த்து.
ஆனாலும் அடி வரைக்கும்.

எடுத்தார்கள். பை நிறைந்தது.
யாருக்கோ என் முருங்கை போகிறது.
எழுந்ததும் பிஸ்கட்டும்
ஆவி பறக்க ஒரு கோப்பையும் நீட்டினார்கள்.

"வையுங்கள்," என்றேன்,
"ஒரு மணி நேரம் கழித்து."