பால் கணக்கு

இல்லத்தை மூடிப் பதினாறு வருடம்.
காகிதங்கள் மட்டும் மிச்சம்,
கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில்.
கீழே வலைக் கிடங்கு.
எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும்
நைலானும் கருவாடும் மணக்கிறது.

பட்டியல் போடுவது என் வேலை.
சேர்க்கைப் பதிவேடு, 1961 முதல் 69: கரையான்.
70, 71: முழுசு.
72 முதல் 75: தண்ணீர் புகுந்து
நாலு வருடமும் ஒரே கட்டி, செங்கல் மாதிரி.
கத்தி முனையால் பிரித்தால்
ஒரு பக்கத்து மை அடுத்த பக்கத்தில் குடியேறியிருக்கிறது.
கைக்கண்ணாடியில் திருப்பிப் படித்தேன்:
‘வலது தோளில் மச்சம்.’
யார் தோள் என்று இல்லை.

படிக்க முடிகிற வருடங்களில்
தகப்பன் பெயர்க் கட்டத்தில் எல்லோருக்கும் சவரிமுத்து.
இன்ஷியல் இல்லாமல் பள்ளிக்கூடம் சேர்க்காது என்றதும்
ரைட்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறார்.
கேட்டருகே காவலாளி நின்றிருக்கிறார்.
கல்யாணமே ஆகாத மனுஷனுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.

ச. பாக்கியநாதன் அதில் ஒருவர்.
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்.
செவ்வாய்தோறும் வேலை முடிந்து நேரே வருவார்,
கைலியில் ஒட்டின ஐஸ்தூள் உருகி
நாற்காலிக்கடியில் சின்னக் குட்டை கட்டும்.
அம்மா யார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.
‘என்னிக்கு வந்தேன், அது போதும் மேடம்.
எழுபத்து நாலுன்னு சொல்லிக்கினாங்க.
தேதி எங்கியாவது கீதா பாரு.’

ஆறு செவ்வாய் இல்லை என்றேன்.

ஏழாவது வாரம் சமையல்கட்டு மூட்டையை அவிழ்த்தேன்.
அரிசி. விறகு. மண்ணெண்ணெய்.
விளக்கெண்ணெய், மாதம் ஒரு சனிக்கிழமை தவறாமல்
(பாவம் பிள்ளைகள்).
அதற்கடியில் ஒரு நீள நோட்டு,
பால்காரர் முனிரத்தினம், எருமைப்பால்.
ஜூலை முழுக்க ஒரே அளவு.
ஆகஸ்ட் ஒன்பதுவரை அதே அளவு.
பத்தாம் தேதி, ஓரத்தில், பென்சிலில்:
‘இன்று முதல் இரண்டு ஆழாக்கு கூடுதல்.
கைக்குழந்தை வகையில்.’

பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கலாம்.

பத்தொன்பதாம் தேதி, அதே பென்சில்:
‘இனி ஒரு ஆழாக்கு போதும்.’

இரண்டு ஆழாக்கு என்றால்
இரண்டு குழந்தை என்று எழுதிவிட முடியாது.
செரிக்காமல் குறைத்திருக்கலாம்.
யாராவது வந்து ஒன்றைக்
கொண்டுபோயிருக்கலாம்.
மூலக்கொத்தளம் இடுகாட்டுப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம்.
கேட்க வேண்டும்.
மனு எழுதி வைத்திருக்கிறேன்,
இன்னும் கொடுக்கவில்லை.
இது இவர்தான் என்பதற்கே ஆதாரம் இல்லை,
அந்த வருடக் கணக்கில்
வேறெங்கும் பால் கூடவில்லை என்பதைத் தவிர.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று
வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தபோது
அவரே நோட்டை இழுத்துக்கொண்டார்.
ஐஸ் தள்ளித் தள்ளித் தோலுரிந்த விரல்
பத்தில் நின்றது,
பதினொன்று, பன்னிரண்டு என்று ஊர்ந்தது,
பத்தொன்பதில் நின்றது.
கீழே யாரோ கன்டெய்னர் லாரியைப் பின்னால் எடுத்தார்கள்.
‘வரலாம், வரலாம், ஒடி, ஒடி.’
அது முடிகிறவரை விரலை எடுக்கவில்லை.

பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார்.
‘இன்னா மேடம், பாக்கி நிக்குது?’
நாற்பத்தொரு ரூபாய் அறுபது பைசா.
தீர்த்ததாகக் குறிப்பில்லை.
முனிரத்தினம் இன்னேரம் இருக்கமாட்டார்,
பிள்ளைகள் எங்கே என்று தெரியாது,
எருமை கட்டின இடத்தில் மெட்ரோ தூண் நிற்கிறது,
என்னென்னவோ சொன்னேன்.

சட்டைப் பையிலிருந்து
ஈரமாக ஒரு ஐம்பதை எடுத்து நோட்டுக்குள் வைத்தார்.
‘இருக்கட்டும். ரெண்டு பேர் குடிச்சது.’
தூக்கம் வருகிறதென்று கிளம்பிப் போனார்.

அடுத்த செவ்வாய் வரவில்லை.
அதற்கடுத்ததும்.

என் பட்டியலில் அந்த நோட்டுக்கு நேரே எழுதியிருக்கிறேன்:
நிலை: நன்று. முதுகுத் தையல் விட்டிருக்கிறது.
பக்கம் 38க்கும் 39க்கும் நடுவில்
ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று, ஈரம் காய்ந்தது.
பின்னாளில் சேர்ந்தது.
அகற்ற வேண்டாம்.