கேரேஜுக்கு மேல் வாடகை

எனக்குப் பகல்தான் இரவு.
ஹேவர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில்
விடியும்வரை நின்றுவிட்டு வந்து
மொன்டானாவின் பனி வெளிச்சத்துக்குத் திரை இழுத்துப் படுத்தால்
தரைக்கு அடியில் தொடங்கிவிடும்
ஸ்கார் சகோதரர்களின் தகராறு.

அவர்கள் பேசிக்கொள்வதில்லை.
இயந்திரங்கள் பேசும்.

ஆரினுடையது உலர் பாத்திரம்.
அடியில் அதிரும் மோட்டார். உள்ளே
வால்நட் ஓட்டுத் தூள், சோளச்சக்கை,
சுட்டு முடித்த முந்நூறு தோட்டாக்கூடுகள்.
தகரக் கூரையில் மணல் பெய்கிற சத்தம்,
நான்கு மணி நேரம்.
என் கட்டில் இந்தக் குளிர்காலத்தில் மட்டும்
ஜன்னலை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருக்கிறது.

லேலண்டினுடையது ஈரம்.
ரப்பர் பூசிய உருளையில் வெந்நீர்,
பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு, எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை,
நறுக்கிய ஊசிபோல் எஃகுத் துணுக்குகள் இரண்டு கிலோ.
கூழாங்கல்லை மென்றுகொண்டே போகும் ஆறு.
அதில் எனக்குத் தூக்கம் வரும்.
ஒப்புக்கொள்கிறேன், நான் நடுநிலைக்காரி இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் கதவைத் தட்டினார்கள்,
இருவரும், தொப்பியைக் கழற்றியபடி.
ஒரு தட்டில் இரண்டு கூடுகள்.
"துப்பாக்கி தெரியாத ஆள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்."

லேலண்டின் கூடு நேற்று வார்த்த மாதிரி.
ப்ரைமர் குழிக்குள்ளும் பொன்.
ஆரினுடையது வெளியே பழைய கதவுக் கைப்பிடியின் மினுக்கம்,
உள்ளே கரி,
அடித்துளையில் ஒரு சோளத் துகள்,
பல்லிடுக்கில் மாட்டினதுபோல.

"சுடும்போது என்ன வித்தியாசம்?"
"ஒன்றுமில்லை."
பதினோரு மாதத்தில் அவர்கள்
சேர்ந்து சொன்ன முதல் சொல்.

தட்டைத் துடைத்தேன். காகிதம் சாம்பல் நிறமானது.
"இந்தத் தூசியில் ஈயம் இருக்குமே, ஆரின்.
சலிக்கும்போது யார் மூக்குக்குப் போகும்?"
லேலண்ட் சிரித்தார்.
"உங்கள் கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது?"
சிரிப்பு நின்றது.

பின்வாசலில். ருபார்ப் பாத்தியில்.
போன ஜூனில் எனக்கு ருபார்ப் பை கொடுத்தார்கள்.
இரண்டாம் துண்டு
நான்தான் கேட்டு வாங்கினேன்.

வார்டில் எங்களுக்கும் இதே கணக்குதான்.
குழந்தை பளிச்சென்று கைக்கு வரும்.
துணிமூட்டை பின்கதவால் போகும்.
எந்தத் தாயும் மூட்டையைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆரினின் ரத்தத்தில் ஈயம் பதினொன்று.
சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்,
ஏதோ மீன் பிடித்துப் பரிசு வாங்கியதுபோல.
இப்போது முகமூடி போட்டு
மைனஸ் இருபதில் வெளியே நின்று சலிக்கிறார்.
லேலண்ட் கறுப்புத் தண்ணீரை
மூடிபோட்ட வாளியில் சேர்த்தார்.
வாளி உறைந்து வெடித்தது.
அந்தக் கறுப்புப் பனிக்கட்டி இன்னும் ஷெட்டுக்குள் நிற்கிறது.
யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச்சில் மின்சாரம் போன மதியம்
சத்தம் நின்றதில் விழித்துக்கொண்டேன்.
கீழே லேலண்ட், சொட்டச் சொட்ட முந்நூறு கூடுகளோடு.
உலர்த்த அடுப்பில்லை, விட்டால் கறை படியும்.
"உன் தூளில் போட்டால் காயும்," என்றார் சுவரைப் பார்த்து.
"ஈரம் பட்டால் என் தூள் களியாகிவிடும்," என்றது சுவரின் மறுபக்கம்.

ஈரத்தோடு வருகிற எதையும் துடைக்கத் தெரிந்தவள் நான்.
பெரிய துண்டை விரித்தேன். கூடுகளைக் கொட்டினேன்.
ஒரு முனை ஆரினுக்கு, ஒரு முனை லேலண்டுக்கு.
ஏற்று, இறக்கு.
பித்தளை அங்குமிங்கும் ஓடிக் கலகலத்தது.
இருவரும் துண்டை மட்டுமே பார்த்தார்கள்.

அப்போது ஓர் எஃகு ஊசி தரையில் விழுந்தது.
"ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும்," என்றார் ஆரின்.
குழலைக் கெடுக்க ஒன்று போதுமாம்.

ஆகவே மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து
ஒவ்வொரு கூடாகக் காதருகே ஆட்டினோம்.
இல்லை. இல்லை. இல்லை.
நூற்று நாற்பதாவதில் லேலண்ட் எதையோ சொல்ல வாயெடுத்தார்.
"உஷ்," என்றார் ஆரின், "கேட்க விடு."

எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட்.