வால் சுழித்த கையெழுத்து

காலை ஆறரை. சாட்ஸ்வொர்த்.
கேட்டருகே பஸ் உறுமிக்கொண்டு நிற்க
படிவங்களைச் சரிபார்க்கிறேன்.
நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு தாள்கள்.
ஏதேனும் நேர்ந்தால் பள்ளி பொறுப்பல்ல என்று
ஒவ்வொன்றிலும் ஒரு வரி.
அந்த வரிக்குக் கீழே ஒரு தாயோ தகப்பனோ.

நொம்ஃபுண்டோவின் தாள் பிளாஸ்டிக் உறைக்குள்.
அப்பா, அம்மா, போதாததற்குப் பாதிரியாரும்
கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
திலோஷ்னியுடையதில் ஊறுகாய் எண்ணெய்.
தேஷன் மூன்சாமியின் தாளில்தான் கண் நின்றது.
கடைசி எழுத்தின் வால்
இடப்பக்கம் இறங்கி, சுழித்து,
தூண்டில் முள்ளாய் மேலேறியது.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
இந்த வருடம் முழுக்க அவன் கணக்கு நோட்டில்
ஒவ்வொரு ஒன்பதுக்கும் அதே வால்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு ஷிஃப்ட்.
போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
விட்டுவிட்டுப் போ என்கிறது விதி.
அவனோ ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தான்,
யாருடையதோ, இரண்டு அளவு பெரிது,
நுனியில் செய்தித்தாள் திணித்து.
"ஏறு" என்றேன்.

உம்கேனி கடலில் சேரும் இடம்.
போன வாரத்து மழை
நகரத்தையே வாரிக்கொண்டு வந்திருந்தது:
பாட்டில்கள், ஒரு பொம்மைத் தலை, யார் வீட்டுக் கதவோ.
நடுவே அலையாத்தி மரங்கள்
சேற்றுக்கு மேல் மூக்கை நீட்டி
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.
"அசையாமல் இருபதுவரை எண்ணுங்கள்,
யார் வெளியே வருகிறார்கள் பாருங்கள்"
என்றாள் வழிகாட்டி ஹ்லெங்கிவே.
பதினேழுவரை தாக்குப்பிடித்தார்கள்.
அதற்குள் துளைக்கொரு நண்டு,
ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது,
பெரிய கையைத் தூக்கித் தூக்கிக் காட்ட
"டீச்சர், பதில் தெரியுமாம் அதுக்கு!"
என்று யாரோ கத்த
எல்லாம் உள்ளே போயிற்று.

நான் நண்டைப் பார்க்கவில்லை.
அந்தப் பூட்ஸைத்தான் பார்த்தேன்.
அவன் குனிந்தால் நானும் குனிந்தேன்.
பலகைப் பாதையின் ஓரம் போனால்
காலரைப் பிடித்து இழுத்தேன்.
விழுந்தால் யாரிடம் என்ன சொல்வேன்,
அந்த வாலைக் காட்டியா?

பின்னால் சிரிப்புச் சத்தம்.
நொம்ஃபுண்டோ.
மூன்று கையெழுத்தும் உறையும் கொண்ட நொம்ஃபுண்டோ,
தொடைவரை சேற்றில்.
நீர் ஏறத் தொடங்கியதும் சிரிப்பு அழுகையானது.
ஹ்லெங்கிவே பலகையில் குப்புறப் படுத்து
ஆடும் பல்லைப் பிடுங்குவதுபோல்
மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தாள்.
இடது ஷூவைச் சேறு வைத்துக்கொண்டது.

பஸ்ஸில் எண்ணினேன். நாற்பத்தொன்று.
நம்பாமல் மறுபடி, இம்முறை கால்களைப் பார்த்து.
எண்பத்தொரு காலணிகள்.

மூன்றரைக்குக் கேட்டில் ஒரு பெண்,
நீலச் சட்டை, கண்ணில் பாதித் தூக்கம்.
"போன் பண்ணீங்களா டீச்சர்? சார்ஜ் இல்ல."
சொல்ல நினைத்தது எதுவும் வாயில் வரவில்லை.
காலைத் தாளை நீட்டி
"இன்னொரு முறை போடுங்கள், ஆபீஸுக்கு" என்றேன்,
பொய்யாக.
ஏனென்று கேட்கவில்லை அவள்.
மகனைத் திருப்பி முதுகில் தாளை வைத்தாள்.
கூச்சத்தில் நெளிந்தான்.
வால் இடப்பக்கம் இறங்கியது, சுழித்தது,
தூண்டில் முள்ளாய் மேலேறியது.

"ராத்திரி வேலைக்கு நான் இதைத்தான் போடணும்"
என்று பூட்ஸைக் கவிழ்த்துச்
சேற்றைத் தட்டினாள்.
செய்தித்தாள் கூழாய் விழுந்தது.

ஒற்றைக் காலில் நின்றவன் பையிலிருந்து
பச்சையாய் ஒரு நுனி எட்டிப் பார்த்தது.
மரத்தில் தொங்கும்போதே முளைவிடும் விதை,
பென்சில் நீளம்.
எதையும் எடுத்துப் போகக் கூடாதென்று
அங்கே இரண்டு மொழிகளில் பலகை உண்டு.
நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.
"நாளைக்குக் கணக்கு நோட்டைக் கொண்டுவா" என்றேன்,
வேறெதுவும் தோன்றாமல்.