இரண்டே நிமிடம்

மெனு அட்டை வந்தபோது மணி ஏழு.
அதைத் திரும்ப வாங்க ஒத்தாரி வந்தபோது
திபிலிசியில் தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தன.
"இதோ, இரண்டே நிமிடம்" என்றான்.
அவனுடைய நிமிடங்கள் பெரியவை,
ஒவ்வொன்றிலும் நாலு பேர்
கால் நீட்டித் தூங்கலாம்.

ஆறு மேசை. பரிமாற அவன் ஒருவன்.
அடுப்படியில் லமாரா மட்டும்.
கேட்ட பிறகுதான் மாவே பிசைவாள்.
ஒரு கின்காலிக்குப் பத்தொன்பது மடிப்பு;
பதினெட்டில் யாராவது கூப்பிட்டால்
முதலிலிருந்து எண்ணுவாள்.

பக்கத்து மேசை தெங்கிஸ்
நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.
சண்டைதான் என்று நினைத்தோம்.
வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

ஒன்பதே காலுக்கு எங்கள் தட்டு.
கொண்டையைப் பிடித்துத் தூக்கி
ஓரம் கடித்து, சாற்றை உறிஞ்சியதும்
நடேலா திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம்
அந்தச் சூட்டிலேயே வெந்துபோயிற்று.
இன்னும் பத்து சொல்லு என்றாள்.

பில் கேட்டோம்.
அதற்கும் இரண்டே நிமிடம்.

சும்மா உட்காருவானேன் என்று
காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
கதவருகே புதிதாய் வந்த இருவர்
என்னை நிறுத்தி
எவ்வளவு நேரமாகும் என்றார்கள்.

என் வாயிலிருந்து
ஒத்தாரியின் குரல் வந்தது.