ஆறு நொடி

பகலெல்லாம் இந்த இயந்திரம்
முதுகுத்தண்டுகளுக்கும் கட்டிகளுக்கும் சொந்தம்.
இரவு பத்துக்கு மேல்தான்
ஆசைக்கு வாடகைக்குக் கிடைக்கும்.

பிர்னோ நகரம், நவம்பர்.
கடைசி டிராமைக் கொட்டகையில் விட்டுவிட்டு
பதினேழாம் எண் வந்தார்.
பெயர் ஓட்டகார். அதை நான் எழுதக் கூடாது.

தட்டில் வைத்தவை: பெல்ட், சாவிக்கொத்து,
ஓர் எஃகுச் சீப்பு.
குழாய்க்குள் போன பிறகு
எனக்கு மிஞ்சியது அவர் பாதங்கள் மட்டும்,
இடது சாக்ஸில் ஒரு கிழிசல்.

முதலில் படம். இரண்டு பேர், ஒரு சோபா,
ஒத்திகை பார்த்த பெருமூச்சு.
பிறகு சாம்பல் திரை, நடுவே கூட்டல் குறி.
பிறகு, ஒப்பிடுவதற்காக,
குளத்தில் கெண்டை மீனுக்கு வலை இழுக்கிறார்கள்.
மறுபடி சோபா.
விரலுக்கடியில் நான்கு பொத்தான்கள்:
இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம்.
எல்லாவற்றுக்கும் ‘கொஞ்சம்’ என்றே அழுத்தினார்.
மீனுக்கும்.

சாம்பல் திரை ஓடும்போது
ஏனென்று தெரியாமல் ஒலிவாங்கியை அழுத்தினேன்.
“குளிருதா? போர்வை தரட்டுமா?”
நெறிமுறையில் அந்தக் கேள்வி இல்லை.

காலையில் கணக்குப் போட்டோம்.
ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்:
மூளைக்குள் அந்தச் சிவப்பு கிடையாது,
நாங்கள் பூசுவது.
நரம்பு விழித்ததும் ரத்தம் உடனே வந்துவிடாது.
விருந்தாளி செருப்பைக் கழற்றிய பிறகு
பால் வாங்க ஓடுகிற வீட்டுக்காரர் மாதிரி
ஆறு நொடி பிந்தித்தான் உச்சிக்கு வரும்.

சோபாவுக்கு மங்கலாய் மஞ்சள்.
மீனுக்கு ஒன்றுமில்லை.
போர்வைக்கு,
சரியாக ஆறாவது நொடியில்,
ஆழத்தில் ஒரு கடலைப்பருப்பு அளவு இடம்
கொழுந்துவிட்டு எரிந்தது.

“தலை மூன்று மில்லிமீட்டர் அசைந்திருக்கிறது, யித்கா.
சிரித்திருப்பார். தூக்கிப் போடு,”
என்றார் டாக்டர் வாவ்ரா.
அவர் சொன்னது சரிதான்.
அசைந்த தலை என்ன நிறம் வேண்டுமானாலும் காட்டும்.
ஒரு மனிதரின் ஒரு நொடி
எதற்கும் சான்றாகாது.

தூக்கிப் போட்டேன்.

நேற்று நான்காம் எண் டிராம்.
ஏறியபோது ஓட்டுநரைப் பார்க்கவில்லை,
ஈரக் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது.
ஒலிபெருக்கி கரகரத்தது:
“தண்டவாளத்தில் பனி. சற்றுத் தாமதமாகும்.
பின்பக்கம் இருப்பவர்களுக்குக் குளிருதா?”

பழக்க தோஷம், எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றிலேயே காது மடல் சுட்டது.

ஆறு ஆகவில்லை.
கருவியும் இல்லை, சாட்சியும் இல்லை;
தலை வேறு அசைந்திருக்கிறது.

செல்லாது.