சுழியம்

ஐம்பது டன் எடைமேடையில்
ஒருநாள் என் ஏர்கன்னைக் கிடத்தினேன்.
திரையில் சிவப்பாய் ஒரு சுழியம்.
பிறகு நான் ஏறினேன்: அறுபது.
அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்: அதே அறுபது.
மூன்றரைக் கிலோ இரும்பும் மரமும்
வேலந்தாவளத்தில் கணக்கிலேயே இல்லை.
மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.

கொட்டகைக்குப் பின்னால் என் பெஞ்சு.
ஆடுகிற காலுக்கடியில் மடித்த பெர்மிட்.
பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி
ஆற்றுமணல் அடைத்துத் தைத்த மூட்டை.
இருபது மீட்டருக்கு அப்பால் மண்மேடு,
அதில் ஓர் எடைச்சீட்டு, பின்பக்கம் திருப்பி,
சோடா மூடி வைத்து வரைந்த வட்டம்.

முதல் மாதம் அதை நெரித்தேன்.
மூட்டையில் அழுத்தி, தோளில் இறுக்கி,
கன்னத்தால் பூட்டி, மூச்சையும் பிடித்து.
சீட்டு முழுக்க அம்மைத் தழும்பு.

விசை விட்டதும்
உள்ளே சுருள்வில் முன்னே பாயும்,
துப்பாக்கி பின்னே நகரும்.
பிஸ்டன் முட்டி நிற்கும், துப்பாக்கி முன்னே குதிக்கும்.
இத்தனை கூத்துக்கும் நடுவில் அந்த ஈயக்குண்டு
தன் குட்டைப் பாவாடையோடு
இன்னும் குழலுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.
என் இறுக்கம் ஒவ்வொரு முறையும் வேறு,
அதனால் அது வெளியேறும் வாசலும் வேறு.

அசையாதே என்று அதனிடம் சொல்ல முடியாது.
ஒரே மாதிரி அசை என்று வேண்டுமானால் கேட்கலாம்.

இப்போது மூட்டைமேல் என் இடக்கை,
சில்லறை வாங்க நீட்டியதுபோல் விரித்து.
அதன்மேல் துப்பாக்கி.
கட்டையின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி,
அந்தப் புள்ளி உள்ளங்கையில் படவேண்டும், தினமும்.
விரல்கள் மூடக்கூடாது.
தோளில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.
விசை கொஞ்சம் தளர்ந்து வந்து ஒரு சுவரில் நிற்கும்.
அங்கே நானும் நிற்பேன்.
சுட்டபிறகும் கண்ணை எடுப்பதில்லை,
ஓட்டை விழுவது தெரியும்வரை.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம்
வைக்கோல் லாரியோடு வந்த ஜினேஷ்
முன்னால் நான்கு வண்டி என்றதும் இறங்கி வந்தான்.
நானொண்ணு நோக்கட்டே, என்றான்.
தந்தேன்.
அவன் அதைக் களவாணியைப் பிடிப்பதுபோல் பிடித்தான்.
ஐந்து குண்டு. மூன்று மண்ணில்.
சேச்சீ, இதின்டெ கொழலு வளஞ்ஞதா.

நான் ஒன்றும் சொல்லவில்லை, உட்கார்ந்தேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
அவன் லாரியின் வைக்கோலைக் கிழக்கே சீவிக்கொண்டிருந்தது.
பாரத்திலிருந்து நழுவிய ஒரு கற்றை
நேராகத் தொங்கும்வரை காத்திருந்தேன்.
ஒன்று.
மறுபடி தொங்கும்வரை.
இரண்டு.
ஐந்துக்கும் பத்து நிமிடம் ஆனது.

ஓடிப்போய்ப் பார்த்தவன்
சீட்டோடு சிரித்துக்கொண்டே வந்தான்.
வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை.
வலப்பக்கம், ஒரு விரல் தள்ளி,
ஐந்தும் சேர்ந்து ஒரே கிழிசல்,
புளியங்கொட்டை ஒன்று மூடிவிடும்.
எல்லாம் தெற்றிப்போயி, என்றான்.

தெரியும். புது டப்பாக் குண்டு.
ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில் தவறியிருக்கின்றன.
அந்த மாதிரித் தவறுக்கு
எவ்வளவு வருடம் ஏங்கியிருக்கிறேன் என்று
இவனிடம் எப்படிச் சொல்ல.
ஸ்கோப்பின் மூடியைக் கழற்றி
இடப்பக்கம் பன்னிரண்டு சொடுக்கு வைத்தேன்.
அடுத்ததைச் சுட நேரமில்லை, ஹாரன் கேட்டது.

அவன் வண்டி மேடையேறியது.
திரையில் எண் நடுங்கிக்கொண்டே இருந்தது,
ஒன்பதாயிரத்து எண்ணூறு, முப்பது, பத்து, நாற்பது.
என்ஜினை ஆஃப் பண்ணு, என்று கத்தினேன்.
வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது.
எண்ணும் அடங்கியது.

ஒரு சீட்டு அவனுக்கு.
நகல் எனக்கு. பின்பக்கம் வெள்ளை.