பதில்சொல்லிகள்

காலை ஆறரைக்கு அம்பகாமத்துக் காட்டோரம்
எனக்கு அளந்து தந்த ஒழுங்கை
ஒரு மீட்டர் அகலம்.
இரு பக்கமும் சிவப்புத் தலைத் தடிகள்.
முழந்தாளில் நின்று
மண்ணை விரலகலம் விரலகலமாய் விசாரிக்கிறேன்.

ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு.
அந்தப் பத்து நிமிடத்தில்தான்
தயாநிதிக்கு எகிப்து.
முகக்கவசத்தை வீரைமரக் கொப்பில் கொழுவிவிட்டு
டேட்டா முடியுமட்டும் பார்ப்பாள்.
"இஞ்சை பாரடி, இவ்வளவு கல்லை அடுக்கி
உள்ளுக்கை ஒரேயொரு ஆள்."
பிளேன்ரீக்குச் சீனி காணாது என்பதையும்
அதே குரலில்தான் சொன்னாள்.

கூஃபு என்றொரு அரசன்.
இருபது இலட்சத்துக்கு மேலே கல்.
மலை இன்னும் நிற்கிறது;
அவனுடைய முகத்தோடு முழுதாய் மிஞ்சிய சிலையோ
என் சுட்டுவிரல் நீளம்.
அதற்குத் தயாநிதி சிரித்த சிரிப்பில்
மேற்பார்வை யோகராசன் விசிலை ஊதிவிட்டார்.

பிறகு ஒருத்தி, ஹட்செப்சுட்.
பெயரைச் சொல்லிப் பழகவே
இரண்டு ஓய்வுகள் போயின.
பொய்த்தாடி கட்டி அரசாண்டவள்.
அவளுக்குப் பின் வந்தவன்
சுவர் சுவராய் ஆளனுப்பிக் கொத்துவித்தான்.
கவனமான வேலைக்காரர்கள்,
விளிம்பு பிசகாமல் கொத்தியதால்
அவள் இல்லாத இடம்
இன்றைக்கும் அவளுடைய வடிவிலேயே இருக்கிறது.

தயாநிதி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
புல்டோசர் உழுத ஒரு நிலம் அவளுக்குத் தெரியும்.
எத்தனையாம் வரிசை, எத்தனையாம் கல் என்று
கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டுவாள்.
போனை அணைத்தாள். கவசத்தை மாட்டினாள்.
ஓய்வு முடிய
இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

சம்பளம் பதினெட்டு நாள் பிந்திய மாதம்,
மூன்றாம் ரம்சேசின் கல்லறைத் தொழிலாளர்
தானியம் வரவில்லையென்று
உளியைப் போட்டுவிட்டுக்
கோயிலுக்குப் பின்னால் குந்தியிருந்த கதையை
யோகராசனுக்குக் கேட்கும்படி மூன்று தரம் சொன்னாள்.
மறுநாள் காசு வந்தது.
பாங்கில் ஏதோ பிழையாம்.
ஆனாலும் ரம்சேசுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அன்று நான் எடுத்தவை
மீன்ரின் மூடி,
கதவுப் பிணைச்சல் ஒன்று, ஆணியோடு,
ஒரு ஜொனி.
பெட்டியைக் கறையான் தின்றிருந்தது,
எண்ணம் மட்டும் மாறவில்லை.
அதன் தோளிலிருந்து தூரிகையால் மண்ணை விலக்கும்போது
அரசர்களைத் தோண்டுகிறவர்களும்
இப்படித்தான் மூச்சைப் பிடித்திருப்பார்கள் என்று பட்டது.
அவர்கள் கண்டால் கூவுவார்கள்.
நாங்கள் கண்டால்
வந்த தடத்திலேயே பின்னால் நகர்வோம்.

எனக்குப் பிடித்தது அரசர்களையல்ல.
கூடப் புதைத்த நீலப் பொம்மைகளை.
சாண் உயரமும் வராது, கையில் மண்வெட்டி.
நாளுக்கு ஒன்றாய் முந்நூற்று அறுபத்தைந்து,
அவற்றை மேய்க்க முப்பத்தாறு கங்காணிப் பொம்மைகள்
(அங்கேயும் யோகராசன்!).
மறுமையில் வயல்வேலைக்கு அரசனைக் கூப்பிட்டால்
அவனுக்குப் பதிலாய் எழுந்து
"இந்தா இருக்கிறன்" என்று சொல்லவேண்டும்.
பதில்சொல்லி என்றே அவற்றுக்குப் பெயர்.

பிற்பகல் வெயில். கடைசி மீட்டர்.
கருவி ஒருதரம் முனகிற்று.
சரித்துக் குத்தி, சுரண்டி, தூரிகை போட்டால்
ஒரு எவர்சில்வர் பேணி.
அடியிலே புள்ளிபுள்ளியாய்ப் பெயர் வெட்டியிருந்தது.
கலியாணத்துக்கு வந்த பேணியாய் இருக்கவேண்டும்.
முதலெழுத்தைத் துரு தின்னவில்லை, ஷெல்தான் தின்றிருந்தது.
மிச்சம்: "…வலட்சுமி."

பதிவேட்டில் எழுதினேன்:
உலோகம். ஆபத்தற்றது.

பெயருக்கு அதில் நிரல் இல்லை.
அதனால் வாயால் வாசித்தேன்,
காட்டுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்து,
இல்லாத எழுத்துக்கு ஒரு மூச்சு இடம் விட்டு.

அடுத்த ஒழுங்கையிலிருந்து
தலை நிமிராமல்
தயாநிதி
"ஓம்" என்றாள்.